ஒப்பீட்டு எண் பதினேழு

முனிரத்தினத்தின் அறிக்கையில் ஒரே ஒரு வரிதான் முக்கியம். ஆய்வுக்கூடத்தின் முத்திரை, பட்டைக்குறி, மங்கையர்க்கரசியின் மின்கையொப்பம், தொழில்நோய் ஆணையத்தின் விதி எண் எல்லாம் அந்த வரியைச் சுற்றிப் போட்ட சட்டகம். வரி இப்படி இருந்தது: 'கோபால்ட் தொடர்பு: இல்லை.'

மூன்றாவது முறையாக 'இல்லை'.

அரசி அதை அச்சிட்டு மேசை மேல் கவிழ்த்து வைத்திருந்தாள். அலுவலகத்தில் எல்லோருக்கும் அவள் அரசி மேடம்தான். முழுப்பெயரைச் சொல்லும் பொறுமை யாருக்கும் இல்லை. எதிரே முனிரத்தினமும் அவர் மனைவி நாகவேணியும் உட்கார்ந்திருந்தார்கள். ஒரு மாடி ஏறி வருவதற்குள் அவர் இரண்டு இடத்தில் நின்றிருக்கிறார் என்று காவலாளி ஏற்கெனவே வந்து சொல்லிவிட்டுப் போயிருந்தார். வயது ஐம்பத்திரண்டு. சூளகிரிக்கு வெளியே இருக்கும் பேட்டரி உடைக்கும் ஆலையில் பதினான்கு வருடம் அரவை இயந்திரம் ஓட்டியவர். ஓய்ந்துபோன ஸ்கூட்டர் பேட்டரி, பஸ் பேட்டரி எல்லாம் அங்கே வந்து நொறுங்கிக் கருந்தூளாக வெளியே விழும். தொழிலாளிகள் அதை மை என்பார்கள். மையில் கோபால்ட் இருக்கும், நிக்கல் இருக்கும். அவை கம்பெனிக்கு லாபம், நுரையீரலுக்கு விஷம்.

சட்டம் வந்து ஒன்பது வருடம் ஆகிறது. அதற்கு முன்பெல்லாம் எக்ஸ்ரேயை வைத்துச் சண்டை நடக்கும். தொழிலாளி பக்கத்து டாக்டருக்கு நிழல் தெரியும். கம்பெனி டாக்டருக்கு அதே இடத்தில் பீடிப் புகை தெரியும். பத்து வருடம் இழுத்து, மனுதாரர் போய்ச் சேர்ந்த பிறகு தீர்ப்பு வரும். அந்தக் கதைக்கு முடிவு கட்டத்தான் செல் சான்றுச் சட்டம் வந்தது. 'செல் பொய் சொல்லாது' என்று பஸ்களின் முதுகில் எழுதிக்கொண்டு போனார்கள்.

சோதனை எளிமையானது. ரத்தத்திலிருந்து வெள்ளை அணுக்களைப் பிரித்து, பிளாஸ்டிக் தட்டில் இருக்கும் குழிகளில் பங்கு போட வேண்டும். ஒரு குழியில் ஒன்றும் சேர்ப்பதில்லை. ஒரு குழியில் எல்லா அணுவையும் தட்டி எழுப்பும் மருந்து. அணுக்கள் உயிரோடுதான் இருக்கின்றன என்று காட்டுவதற்கு. மற்றவற்றில் கோபால்ட், நிக்கல், மாங்கனீஸ் என்று குழிக்கொன்று. எந்தப் பொருளை உடம்பு முன்பே எதிர்த்துப் பழகியிருக்கிறதோ, அந்தப் பொருளைக் கண்டதும் அணுக்களில் சில விழித்துக்கொண்டு தம் மேல்தோலில் ஒரு புரதத்தை நீட்டும். ஆய்வுக்கூடத்தில் அதற்குக் கொடி என்று பெயர். முதல் கொடி சில மணி நேரத்தில் ஏறி இறங்கிவிடும். இரண்டாம் கொடி மறுநாள் ஏறும். சாயம் பூசி, லேசர் ஒளிக்கு முன்னால் அணுக்களை ஒற்றை வரிசையில் ஓடவிட்டால், ஆயிரத்துக்கு எத்தனை கொடி என்று இயந்திரம் எண்ணிவிடும். ஆறுக்கு மேல் போனால் 'தொடர்பு உறுதி'. அந்தச் சொல் கிடைத்தால் மாதம் ஒரு ஊசி. நுரையீரல் கல்லாகிப் போவதை அந்த ஊசி அப்படியே நிறுத்தி வைக்கும். ஏற்கெனவே கல்லானதை இளக்காது. அதனால் ஊதிப் பார்க்கும் சோதனையில் மூச்சுத் திறன் நூற்றுக்கு நாற்பதுக்குக் கீழே போனவர்களுக்கு ஊசி கிடையாது.

முனிரத்தினத்தின் மூச்சு நாற்பத்தாறில் நின்றது. அவருடைய கோபால்ட் குழியில் ஆயிரத்துக்கு ஒரு கொடி. ஒன்றும் சேர்க்காத குழியில்கூட இரண்டு இருந்தது.

அரசி அறிக்கையைத் திருப்பி வைத்தாள். அவர் படிக்கவில்லை. அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, "அப்ப எனக்கு ஒண்ணும் இல்லைங்களா மேடம்?" என்றார்.

"இருக்குங்க. உங்க செல்லு சொல்ல மாட்டேங்குது."

நாகவேணிக்குப் பொறுக்கவில்லை. "சொல்லாத செல்ல வச்சிக்கிட்டு நாங்க என்ன பண்றது? கௌதமிக்கு நாலு மாசத்துல சொல்லிருச்சு. இவருதான் அவள வேலைக்கே சேத்து உட்டாரு. அவ ஊசி போட்டுக்கினு கொலுசு குலுங்க நடமாடுறா. பதினாலு வருசம் மை தின்னவருக்கு இல்லையாம்."

இதற்கு அரசியிடம் பதில் இருந்தது. பதிலைப் பதிய இடம்தான் இல்லை. அவள் முனிரத்தினத்தின் பக்கம் திரும்பி, அரவை இயந்திரத்தில் தூசு அதிகமானால் அலாரம் அடிக்குமே, ஓயாமல் அடித்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்டாள்.

அவர் முதல்முறையாகச் சிரித்தார். "வயரப் புடுங்கி உட்ருவோம். காது போயிரும்ல."

"உங்க செல்லும் அதைத்தான் பண்ணியிருக்கு. நாலு மாசம் பாத்த செல்லு கத்தும். பதினாலு வருசம் கத்துன செல்லு வயரப் புடுங்கிட்டு உக்காந்திருக்கு."

"அப்படியே எழுதிக் குடுங்களேன்" என்றாள் நாகவேணி.

அதுதான் விஷயம். ஓய்ந்துபோன அணுக்கள் வேறொரு கொடியைத் தூக்கிக்கொண்டு நிற்கும்; சோர்வுக்கொடி. இயந்திரம் அதையும் எண்ணுகிறது. முனிரத்தினத்தின் அணுக்களில் பாதிக்கு மேல் அதைச் சுமந்தன. ஆனால் ஆணையத்தின் படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை. இரண்டு வருடத்தில் அரசி ஐந்து கடிதம் எழுதியிருந்தாள். ஒன்றுக்கு நன்றி சொன்னார்கள். ஒன்று தொலைந்தது. ஒன்றைத் தவறான பிரிவுக்கு அனுப்பியதாகத் திருப்பினார்கள். நான்காவதற்கு, உரிய படிவத்தில் தரவுகளை அனுப்புமாறு பதில் வந்தது. உரிய படிவம் என்பது அந்தக் கட்டம் இல்லாத படிவம்தான். ஐந்தாவதற்குப் பதிலே இல்லை.

ஆய்வுக்கூட இயக்குநர் டாக்டர் ஹபிபுல்லாவும் அந்தக் கடிதங்களை முழு மனதோடு ஆதரித்தவர் இல்லை. காசநோய் வந்து போனாலும் சோர்வுக்கொடி ஏறும், நெடுநாள் கிருமி இருந்தாலும் ஏறும் என்பார். "அடி வாங்குனதைச் சொல்லும் அரசி. அடிச்சது யாருன்னு சொல்லாது. கோர்ட்டுக்கு அடிச்சவன் பேர் வேணும்."

அவர் சொன்னது சரிதான். அதனால்தான் அவளுக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

முனிரத்தினம் எழுந்து, வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு சற்று நின்றார். மூச்சு வாங்குவதற்காக நிற்கிறார் என்பது வெளியே தெரியாதபடி ஏதாவது பேச வேண்டும் போலிருந்ததோ என்னவோ, முழங்கை மடிப்பில் ஒட்டியிருந்த பஞ்சைக் காட்டி, "இந்தக் கையிலதான் மொத தடவையும் எடுத்தீங்க" என்றார்.

போன மாசி மாதத்திலா என்று அரசி கேட்டாள்.

"அதில்ல மேடம். சட்டமெல்லாம் வரதுக்கு முன்னாடி. எங்க கேன்டீன் பக்கத்து ஷெட்டுல. நல்லா இருக்கறவங்க மட்டும் வாங்கன்னு கூப்டீங்க. நான்தான் மொத ஆளா எழுந்து வந்தேன். பிஸ்கட்டு குடுத்தீங்க."

அவளுக்கு அவரை நினைவில்லை. ஷெட்டு நினைவிருந்தது.

அவர்கள் போன பிறகு கோப்பு அறைக்குப் போய்ப் பழைய பதிவேடுகளை இறக்கினாள். பதினோரு வருடத்துக்கு முன்னால், இந்தச் சோதனைக்கு எல்லைக்கோடு போட வேண்டிய வேலை இந்த ஆய்வுக்கூடத்துக்கு வந்தது. எத்தனை கொடி ஏறினால் நோய், எத்தனை வரை சாதாரணம் என்று சொல்ல வேண்டுமானால் சாதாரண மனிதர்களின் ரத்தம் வேண்டும். முதலில் கூடத்து ஊழியர்களே கை நீட்டினார்கள். வெளியிலிருந்து மேற்பார்வைக்கு வந்த குழு அதை ஒப்புக்கொள்ளவில்லை. ஒரே மண், ஒரே தண்ணீர், ஒரே சாப்பாடு, ஒரே வயது உள்ளவர்களாக இருக்க வேண்டும் என்றார்கள். பக்கத்தில் ஆலை இருந்தது. ஒரே கையெழுத்தில் நல்ல ஆரோக்கியமான இருபது பேரை அனுப்பியது. அந்தக் காலத்தில் பேட்டரி உடைப்பது பசுமைத் தொழில். அதில் கெடுதல் இருக்கும் என்று எவரும் யோசிக்கவில்லை. மைக்குள் கோபால்ட் இருப்பது எல்லோருக்கும் தெரியும். மை மனிதனுக்குள் இருப்பதுதான் யாருக்கும் உறைக்கவில்லை.

பதிவேட்டில் இருபது ஒப்பீட்டு எண்கள் இருந்தன. பெயர்ப் பட்டியல் தனி உறையில். பதினேழாம் எண்: சி. முனிரத்தினம், வயது 41, பணியில் மூன்று ஆண்டு, ஆரோக்கியமானவர். கோபால்ட் குழியில் ஆயிரத்துக்குப் பத்தொன்பது கொடி.

அந்த வரியின் குறுக்கே சிவப்பு மையில் ஒரு கோடு. ஓரத்தில் 'தட்டுப் பிழை. நீக்கவும். ம.அ.'

ம.அ. அவள்தான்.

மூன்று, ஒன்பது, பதினான்கு ஆகிய எண்களுக்கும் அதே கோடு, அதே கையெழுத்து. நின்ற இடத்திலேயே அவளுக்கு அந்த வாரம் முழுவதும் திரும்ப வந்தது. மேற்பார்வைக் குழு திங்கட்கிழமை வருகிறது. ஒப்பீட்டு ரத்தம் அமைதியாக இருக்க வேண்டும். அதற்காகத்தானே அதை எடுத்தது. இருபதில் நான்கு குதித்தது. கோபால்ட் கரைசல் கொஞ்சம் கெட்டியாக விழுந்திருக்கும் என்று யாரோ சொன்னார்கள். எல்லோரும் நிம்மதியாகத் தலையாட்டினார்கள். அதே தட்டில், அதே கரைசலில், மற்ற பதினாறு பேரும் ஏன் அமைதியாக இருந்தார்கள் என்று யாரும் கேட்கவில்லை. சின்னக் கேள்வி. அது அவள் வாயில் வருவதற்குப் பதினோரு வருடம் ஆகியிருக்கிறது.

ஹபிபுல்லா பதிவேட்டை இரண்டு முறை படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மறுபடியும் படித்தார். பிறகு கதவைச் சாத்தச் சொன்னார்.

"நாலை எடுத்துட்டு மீதி பதினாறை வச்சுத்தான் ஆறுன்னு கோடு போட்டோம். பதினாறும் அதே ஆலை ஆளுங்க. இதைக் கொண்டுபோய்க் குடுத்தா ஒரு வக்கீல் என்ன சொல்லுவான்? கோடே தப்பு. அந்தக் கோட்டை வச்சு ஊசி வாங்குற அறுநூத்திப் பன்னெண்டு பேரும் தப்பு. ஒருத்தருக்கு நிரூபிக்கப் போய் அறுநூறு பேரை நிராகரிச்சுருவ."

"அந்த ஒருத்தர் நாப்பத்தாறுல இருக்கார் சார். இன்னும் ஏழு எறங்கினா அவருக்கு ஊசியே இல்லை."

"தெரியுது."

"அப்ப என்ன பண்ணச் சொல்றீங்க?"

ஹபிபுல்லா பதிவேட்டை மூடினார். அன்றைக்கு மேற்பார்வைக் குழுவுக்கு முன்னால் நின்று, எல்லாம் அழகாக ஒத்துவந்தது என்று படம் போட்டுக் காட்டியவர் அவர்தான். கடைசியில், பெயரை வெளியிட வேண்டுமானால் முனிரத்தினத்தின் எழுத்துப்பூர்வமான சம்மதம் வேண்டும், அது கிடைத்தால் முகப்புக் கடிதத்தில் தானே கையெழுத்துப் போடுவதாகச் சொன்னார். "வேலை போச்சுன்னா ரெண்டு பேரும் ஒரே ஆட்டோல வீட்டுக்குப் போகலாம். காவேரி நகர் வழிதானே நீ."

அரசி சம்மதப் படிவத்தோடு சூளகிரிக்குப் போனாள். சொல்ல வேண்டியதை வழியெல்லாம் ஒத்திகை பார்த்திருந்தாள். தட்டு, கரைசல், குழு, திங்கட்கிழமை. வீட்டு வாசலில் போட்ட பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்ததும் அதெல்லாம் சாக்கு என்று தெரிந்துவிட்டது. பதிவேட்டின் நகலை நீட்டி, என்ன இருக்கிறது என்று மட்டும் சொன்னாள்.

முனிரத்தினம் சிவப்புக் கோட்டின் மேல் விரலை வைத்து நடத்திப் பார்த்தார். "இது நானா?"

"நீங்கதான்."

"பத்தொம்போதுன்னா நெறைய இல்லீங்களா?"

"நெறைய."

"அன்னைக்கே ஏன் சொல்லல மேடம்?"

"நல்லா இருக்கறவர்னு உங்களை எழுதி வச்சிருந்தோம். அதுக்கு மாறா வந்ததை நாங்க நம்பல."

நாகவேணி உள்ளேயிருந்து வந்து நின்றாள். சத்தம் போடுவாள் என்று அரசி எதிர்பார்த்தாள். போடவில்லை. அந்த வருடம் அவர் அண்ணன் லாரி ஓட்டக் கூப்பிட்டுக்கொண்டே இருந்ததையும், நாமக்கல்லுக்குக் குடிபோக மூட்டை வரை கட்டிவிட்டு, நிரந்தர வேலை என்று மறுபடி அவிழ்த்ததையும், ஒரு வார்த்தை தெரிந்திருந்தால் அவிழ்த்திருக்க மாட்டோம் என்பதையும் யாரோ பக்கத்து வீட்டு விஷயம் போல நிதானமாகச் சொன்னாள். அதற்குப் பிறகு அந்த வீட்டில் அரசிக்குக் காபி வரவில்லை.

இதைக் கொடுத்தால் ஊசி வாங்குகிற மற்றவர்களுக்குச் சிக்கல் வரலாம் என்பதையும் அரசி மறைக்காமல் சொன்னாள். கௌதமிக்குமா என்று அவர் கேட்டார். கௌதமிக்கும்தான். அவர் வேலைக்குச் சேர்த்துவிட்ட பெண், அவர் தங்கச்சி முறையில் ஒருவரின் மகள், இருபத்தாறு வயது. முனிரத்தினம் தெருவைப் பார்த்துக்கொண்டு மூச்சை இழுத்து இழுத்து விட்டார்.

"எனக்கும் மூச்சு வேணும் மேடம்" என்றார். "பேனா குடுங்க."

நாற்பத்தொரு நாள் கழித்து ஆணையத்தின் உத்தரவு வந்தது. ஹபிபுல்லா பயந்தபடி எல்லைக்கோட்டைப் பற்றி அதில் ஒரு சொல்கூட இல்லை. பழைய முடிவை ஆணையம் தயக்கமின்றி ஏற்றுக்கொண்டிருந்தது. அரசி மூச்சைப் பிடித்துக்கொண்டு மேலே படித்தாள்.

'மனுதாரருக்குப் பதினோரு ஆண்டுகளுக்கு முன் கோபால்ட் தொடர்பு இருந்தது உறுதியாகிறது. அதன்பின் நடந்த மூன்று சோதனைகளில் தொடர்பு இல்லை. எனவே மனுதாரர் குணமடைந்தவர் எனப் பதிவு செய்யப்படுகிறார். மருந்து தேவையில்லை.'

அவள் ஆணையத்துக்குத் தொலைபேசினாள். ஆறு பேர் கைமாறி, ஏழாவதாக வந்த பெண் உதவியாளர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். அவருக்கும் சங்கடமாகத்தான் இருந்தது போலும். "மேடம், முடிவு எழுதறது ப்ரோக்ராம்தான். எண்ணிக்கை ஏறி எறங்குனா குணம்னு எடுத்துக்கும். எறங்கி ஏறுனா புதுத் தொடர்புன்னு எடுத்துக்கும். மூணாவதா ஒண்ணு அதுல இல்லைங்க."

"அவரால ஒரு மாடி ஏற முடியல."

"அதுக்குக் கட்டம் இல்லை மேடம். மேல்முறையீடு போடுங்க. தொண்ணூறு நாள்."

தொண்ணூறு நாளை அரசி மனசுக்குள் மூச்சுக் கணக்காக மாற்றிப் பார்த்தாள். அந்த வாரம் முனிரத்தினம் ஊதிய ஊதல் நாற்பத்தொன்றில் நின்றிருந்தது. மேல்முறையீட்டை அன்றே எழுதி அனுப்பினாள்.

அடுத்த அடி ஆலையிலிருந்து வந்தது. இரண்டு வாரத்தில் ஒரு மனுப் போட்டார்கள். ஆணையத்தின் பதிவின்படியே, தொடர்பு உறுதியான ஒரு தொழிலாளி அதே இயந்திரத்தில் மேலும் பதினோரு வருடம் வேலை செய்து, மருந்தில்லாமல் குணமாகியிருக்கிறார். அப்படியானால் தொடர்பு என்பது நோயல்ல. உடம்பு பழகிக்கொள்ளும் வழி. ஊசி அந்தப் பழக்கத்தைக் கெடுக்கவும் கூடும். முழு ஆய்வு முடியும் வரை அறுநூற்றுப் பன்னிரண்டு பேருக்கும் ஊசியை நிறுத்திவைக்க வேண்டும். எழுதியவர் கெட்டிக்காரர். ஒரு பொய்கூட அதில் இல்லை. எல்லாம் ஆணையத்தின் தாளிலிருந்தும் அரசியின் தாளிலிருந்தும் எடுத்தவை. இடைக்காலத் தடை கிடைத்தது.

"நான் தப்பான பக்கம் பாத்துப் பயந்துட்டேன், அரசி" என்றார் ஹபிபுல்லா. அதைச் சொல்லிவிட்டு அன்று சீக்கிரம் வீட்டுக்குப் போய்விட்டார்.

கௌதமி ஆய்வுக்கூடத்துக்கே வந்துவிட்டாள். ஊசி தேதி கடந்து ஒன்பது நாள் ஆகியிருந்தது. கோபமாக வந்தவள், என்ன கேட்பதென்று தெரியாமல் வரவேற்பு மேசை முன்னால் நின்றாள். மாமா எப்படிக் குணமானார் என்று மட்டும் தெரிந்துகொள்ள வேண்டுமாம். "போன ஞாயித்துக்கெழம பாத்தேன் மேடம். பல்லு வெளக்கறதுக்கு உக்காந்துக்கறாரு. இதான் குணமா?" அரசி அவளை உட்கார வைத்து எல்லாவற்றையும் விளக்கினாள். கேட்டு முடித்ததும் கௌதமி, "நீங்க எல்லாம் படிச்சவங்கதான?" என்றாள். கிண்டலா, உண்மையான சந்தேகமா என்று அரசியால் கண்டுபிடிக்க முடியவில்லை.

பாதுகாப்பு வார விழாவுக்கு ஆலை முனிரத்தினத்தை அழைத்திருந்தது. நலத்துறை அதிகாரி பிரசன்னா பழத்தட்டோடு வீட்டுக்கே போயிருந்தார். பெங்களூரில் கம்பெனி செலவில் முழுப் பரிசோதனை செய்து தருவதாகவும் சொல்லியிருந்தார். போக வேண்டாம் என்று நாகவேணி சொன்னாள், அரசியும் சொன்னாள். முனிரத்தினம் வேறொரு கணக்கில் இருந்தார். "பரிசோதனைக்கு இல்ல மேடம். மைக்க கையில குடுப்பாங்கல்ல? ஊசிய நிறுத்தாதீங்கன்னு ரெண்டு வார்த்த சொல்லிட்டு எறங்கிர்றேன். கௌதமி மூஞ்சில முழிக்கணும்ல."

அரசி மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தாள். பந்தலுக்குள் நல்ல புழுக்கம். மேடைக்கு ஏழு படி. அவர் ஏறுவதைப் பார்த்துக்கொண்டிருந்தபோதே என்ன நடக்கப் போகிறது என்று அவளுக்குப் புரிந்துவிட்டது. பொன்னாடை போர்த்தினார்கள். சான்றிதழ் கொடுத்தார்கள். ஒலிவாங்கியைக் கையில் கொடுத்தார்கள். முனிரத்தினம் வாயைத் திறந்தார். மூச்சு வந்தது. வார்த்தை வரவில்லை. கையை உயர்த்தி, கொஞ்சம் இருங்கள் என்பது போல் காட்டி, மறுபடி திறந்தார். பந்தலின் நான்கு மூலையிலும் இருந்த ஒலிபெருக்கிகளில் அவர் மூச்சு மட்டும் வந்தது. கண்ணில் நீர் வந்தது. திணறினால் வரும் நீர்.

பிரசன்னா பக்குவமாக அவர் தோளை அணைத்து ஒலிவாங்கியை வாங்கிக்கொண்டார். "சந்தோஷத்துல அண்ணனுக்குப் பேச்சே வரல" என்றார்.

பந்தல் கைதட்டியது. எழுந்து நின்று தட்டினார்கள். அரசியும் எழுந்தாள், எதையோ சொல்வதற்காக. சொன்னாள்கூட. பக்கத்தில் இருந்தவருக்கே அது கேட்கவில்லை.

மேல்முறையீடும் ஆலையின் மனுவும் ஒரே நாளில், சென்னையில் ஆணையத்தின் விசாரணைக் கூடத்தில் எடுத்துக்கொள்ளப்பட்டன. அதற்குள் முனிரத்தினத்தின் ஊதல் முப்பத்தெட்டுக்கு இறங்கிவிட்டது. இனி தீர்ப்பு எப்படி வந்தாலும் அவருக்கு ஊசி இல்லை. அதை அவரிடம் சொல்லியாகிவிட்டது. வர வேண்டாம் என்றும் சொல்லியாகிவிட்டது. நாகவேணி அவரைக் காரில் வைத்துக் கூட்டிக்கொண்டு வந்து, கதவோரம் இருந்த கடைசி வரிசையில் உட்கார வைத்தாள்.

அரசி சோர்வுக்கொடியைப் பற்றிப் பத்து நிமிடம் பேசினாள். மூன்று உறுப்பினர்களும் மரியாதையாகக் கேட்டார்கள். படிவத்தில் இல்லாத ஒன்றின் மேல் முடிவெடுக்கும் அதிகாரம் தங்களுக்கு இல்லை என்று தலைவர் வருத்தத்தோடு சொன்னார். ஆலையின் வழக்கறிஞர் எழுந்து தம் ஆவணங்களை வரிசையாகப் படித்தார். ஏழாவது ஆவணம் ஒரு காணொலி. விழா மேடையில் எடுத்தது. 'குணமடைந்த தொழிலாளியின் மகிழ்ச்சி' என்று தலைப்புப் போட்டிருந்தார்கள். திரையில் ஓட்டினார்கள், ஒலியைக் குறைத்து, வழக்கறிஞர் மேலே பேசிக்கொண்டே இருந்தார். பொன்னாடை, உயர்ந்த கை, கண்ணீர், கைதட்டல்.

அரசிக்கு முன்னால் இருந்த தாள்களில் இனிப் பயன்படும் தாள் ஒன்றும் இல்லை. எழுந்து, ஏழாவது ஆவணத்தைத் தானும் ஏற்றுக்கொள்வதாகச் சொன்னாள். வழக்கறிஞர் சந்தேகத்தோடு திரும்பிப் பார்த்தார்.

"ஒலியோடு மறுபடி ஓட்டச் சொல்லுங்கள் ஐயா. கைதட்டல் வருவதற்கு முன்பு முப்பது வினாடி இருக்கிறது. சாதாரண மனிதர் உட்கார்ந்திருக்கும்போது முப்பது வினாடியில் எட்டு மூச்சு விடுவார். வேறு எதுவும் கேட்கவில்லை. எண்ணிப் பாருங்கள். இது அவர்கள் கொடுத்த ஆவணம்."

வழக்கறிஞர் ஆட்சேபித்தார். தம் ஆவணத்தையே தாம் ஆட்சேபிப்பதாகக் குறித்துக்கொள்ளவா என்று தலைவர் கேட்டதும் உட்கார்ந்தார். ஊழியர் ஒலியைக் கூட்டினார். பந்தலின் ஒலிபெருக்கி வழியாக வந்த அந்த மூச்சு, பெரிதாக, ஈரமாக, கூடம் முழுக்க இறங்கியது. யாரும் தாளைப் புரட்டவில்லை. உறுப்பினர்களில் வயதான ஒருவர் கைக்கடிகாரத்தைக் கழற்றி மேசையில் வைத்து, உதட்டை அசைத்து எண்ணத் தொடங்கினார்.

பன்னிரண்டு வரை எண்ணியிருப்பார். எண்ணிக்கை தடுமாறியது. புருவத்தைச் சுருக்கித் திரையைப் பார்த்தார். திரையில் முனிரத்தினம் வாயை மூடிக்கொண்டிருந்தார். மூச்சுச் சத்தம் மட்டும் நிற்காமல் வந்துகொண்டிருந்தது. இன்னும் வேகமாக, இன்னும் கிட்டத்தில். வயதான உறுப்பினர் கடிகாரத்தை அப்படியே விட்டுவிட்டு, தலையைத் தூக்கிக் கடைசி வரிசையைப் பார்த்தார்.